வாழை நாரில் அளந்த கிராபிக்ஸ் கார்டு

கீழே இறங்கி வந்துவிடு என்று என்னிடம் சொல்லாத ஆள் அந்த வருஷங்களில் இல்லை. சிவில் டிப்ளமோ முடித்துவிட்டு மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் வீட்டுக்கே நான் திரும்பி வந்ததை, பரீட்சையில் தோற்று வந்த மாதிரி பார்த்தார்கள். கொல்லிமலைக்கு வருகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், காற்று நன்றாயிருக்கிறது என்பார்கள். இங்கேயே இருந்து பிழைக்கிறேன் என்று ஒருத்தி சொன்னால் மட்டும் அவர்களுக்குப் புரியாது. எனக்கு அருவியைப் பற்றி எந்த அபிப்பிராயமும் கிடையாது. என் வீடு பிடிக்கும், அதில் ஜன்னலோரம் கிடக்கும் என் மேசை பிடிக்கும். இன்னொருவர் ஆபீஸில் போய் உட்கார்ந்து, அவர் கடிகாரத்தைப் பார்க்கப் பார்க்க வேலை செய்வது பிடிக்காது. விஷயம் அவ்வளவுதான்.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருந்தது. டிப்ளமோ படிக்கும்போதே நாமக்கல்லில் ஒரு கட்டட இன்ஜினியரிடம் பயிற்சிக்குப் போயிருந்தேன். என் வரைபடம் சுத்தமாக இருக்கிறது என்று அவருக்கு என்மேல் நம்பிக்கை. அவர் பென்சிலில் கிறுக்கிய பிளானைக் கவரில் போட்டு மலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார். நான் அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து பிளாப்பியில் ஏற்றி, நனையாமல் இருக்க ஒரு டிபன் டப்பாவில் வைத்து, அதே கண்டக்டரிடம் திருப்பிக் கொடுப்பேன். "ஒரு நாளைக்காவது இந்த டப்பாவுல சோறு வெச்சுக் குடு சாமி" என்பார் அவர். இப்படியே எத்தனையோ வீடுகள் எங்கள் மலையில் வரையப்பட்டுக் கீழே எழும்பின. அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள் யாருக்கும் அது தெரியாது. தெரிய வேண்டும் என்று நான் ஏங்கவும் இல்லை.

கம்ப்யூட்டர் புதியதல்ல. ராசிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரை மூடியபோது, அந்த வருஷ மிளகுப் பணத்தில் வாங்கியது. அதைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள விற்றவரும் ஊரில் இல்லை. ஆனால் கோடு போட அது போதும். சுவர், கதவு, ஜன்னல், படி எல்லாம் கோடுதானே.

பிறகு திடீரென்று கோடு யாருக்கும் போதவில்லை. வீடு கட்டுகிறவர்கள் எல்லாம், கட்டி முடித்த வீடு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே படமாகப் பார்க்க ஆசைப்பட ஆரம்பித்தார்கள். த்ரீ-டி என்ற சொல் லாரிப் பட்டறை வரைக்கும் வந்துவிட்டது. சேந்தமங்கலம் பக்கம் ஒரு விவசாயக் குடும்பம் பெரிதாக வீடு கட்ட இருந்தது. சொந்த நிலம், கிணறு, அதோடு ஒரு லாரியும் ஓடுகிற வீடு. படத்தைக் காட்டினால்தான் பூமி பூஜை என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள்.

என்னிடம் அதற்கான சாஃப்ட்வேர் இருந்தது, செய்யவும் தெரியும். என் பெட்டிக்குத்தான் தெரியவில்லை. சுவர்களை எழுப்பி, கூரை போட்டு, வண்ணம் கொடுத்து, வீட்டைக் கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாம் என்று மவுஸை நகர்த்தினால், திரை அப்படியே உறைந்துவிடும். எழுந்து போய்ச் சோறு வடித்துவிட்டு வந்தால் வீடு ஒரு பக்கமாக லேசாகத் திரும்பியிருக்கும். இன்னொரு தடவை நகர்த்தினால் மொத்தமும் நின்றுபோகும். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய கம்ப்யூட்டர் பத்திரிகை ஒன்றில் காரணம் போட்டிருந்தார்கள். என் பெட்டியில் படம் காட்டுவதற்கென்று தனிக் கார்டு கிடையாது. மற்ற வேலைக்கு வைத்திருக்கும் மெமரியிலேயே கொஞ்சம் கடன் வாங்கி அது படம் காட்டிக்கொண்டிருந்தது. தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கிச் செருகினால் வீடு திரும்பும்.

இன்ஜினியருக்கு பூத்திலிருந்து போன் செய்து, கொஞ்சம் நாள் வேண்டும் என்றேன்.

"ஏம்மா, எதுக்கு இந்தச் சிரமம்? ஆபீஸ்ல புது மெஷின் வாங்கிப் போட்டுட்டேன். நீ கீழ வந்துரு. லேடீஸ் ஹாஸ்டல் பாத்து வெக்கறேன்."

"நான் இங்கிருந்தே பண்ணித் தாரனுங்க சார்."

"பூமி பூஜைக்கு முந்தி படம் வரோணும். வரலீன்னா இங்க ஒரு ஆளு பாத்து வெச்சிருக்கேன். அவன்கிட்ட குடுத்துருவேன். அப்புறம் பழைய கோட்டு வேலைய மட்டும் உனக்குன்னு தனியா அனுப்பிக்கிட்டு இருக்க முடியாது. எல்லாமே ஒரே எடத்துல நடக்கோணும்."

நல்லவர்தான். கோபத்தில் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார். ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று நான் கீழே போக வேண்டும், இல்லையென்றால் வேலை போக வேண்டும். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது என்று காட்ட எனக்கு ஒரு கார்டு தேவைப்பட்டது. பூத்தை விட்டு வெளியே வரும்போது எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஆத்திரத்தில் எனக்கு மூளை நன்றாக வேலை செய்யும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை சேலத்துக்குப் புறப்பட்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கீழே சாமான் வாங்கப் போகிறவர் கையில் அளவு கொடுத்துவிடுவோம். கதவுத் தாழ்ப்பாளோ, மோட்டார் வாசரோ, யாரோ ஒரு பிள்ளையின் காலுக்குச் செருப்போ, எதுவானாலும் ஒரு வாழை நாரைக் கிழித்து, அளந்து, வெட்டி, மடித்துக் கொடுத்தால் அதற்குத் தகுந்தபடி வாங்கி வருவார்கள். வாங்காமல் வந்துவிட்டால் மறுபடி அத்தனை வளைவும் இறங்கி ஏற வேண்டுமே. நான் தலை சீவி முடிப்பதற்குள் அப்பா நாரும் கத்தியுமாக மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மிளகும் பலாவும் பார்க்கிற மனிதர். கம்ப்யூட்டரை அதுவரை தொட்டதில்லை.

"அந்தக் கார்டு எங்க போயி உக்காரும் கண்ணு?"

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காட்டினேன். மதர்போர்டில் வெள்ளையாக நீளமாகச் சில ஸ்லாட்டுகள் இருந்தன. ஓரமாக, பழுப்பு நிறத்தில், குட்டையாக ஒன்று இருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கான ஸ்லாட் பழுப்பாக இருக்கும் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். பழுப்பாக இருந்தது இது ஒன்றுதான். அப்பா நாரை அதன்மேல் நீட்டிப் பிடித்து, கண்ணை இடுக்கிக்கொண்டு நறுக்கினார்.

மேசை டிராயரில் ஸ்கேல் இருந்ததே, டிப்ளமோ படித்தவள் அதில் அளந்து எழுதிக்கொண்டு போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள். வீட்டைவிட்டு இறங்கும்போது கையில் நாரைக் கொடுத்தால் அதை வாங்கிக்கொண்டுதான் போவோம். அதை நான் இன்றைக்கும் முட்டாள்தனம் என்று ஒப்புக்கொள்வதாக இல்லை.

சேலத்தில் கம்ப்யூட்டர் சாமான் கடைகள் வரிசையாக இருந்த ஒரு மாடிக் கட்டடத்தில் ஏறினேன். கடைக்காரர் என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். கழுத்தில் அடையாள அட்டை மாதிரி எதையோ தொங்கவிட்டிருந்தார், அவருடைய சொந்தக் கடையிலேயே.

"என்ன போர்டு மேடம்?"

"தெரியாதுங்க. பழுப்பு ஸ்லாட் ஒண்ணு இருக்குது."

"பிரவுன்னா ஏஜிபி ஸ்லாட்தான். கேம் ஆடறதுக்கா?"

"வீடு கட்றதுக்கு."

அவர் இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றின்மேல் கத்தி பிடித்த ஒரு பொம்பளை பாதி உடுப்போடு நின்றிருந்தாள். இன்னொன்றில் படம் எதுவும் இல்லை, மெமரி மட்டும் இரண்டு மடங்கு. இரண்டாவதை எடுத்து, கார்டை வெளியே இழுத்து, பைக்குள்ளிருந்து நாரை எடுத்து, கார்டின் தங்கப் பற்கள் மாதிரியான விளிம்பின்மேல் வைத்தேன்.

"என்ன மேடம் இது?"

"அளவுங்க."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பக்கத்துக் கடைக்காரரை வேறு கூப்பிட்டார். "இங்க வாங்க, மலையில இருந்து அளவு கொண்டு வந்திருக்காங்க." இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் நாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கார்டின் விளிம்பு நாரைவிட ஒரு விரல்கடை நீளமாக இருந்தது.

இங்கேதான் எங்கள் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பைச் செய்தேன். பச்சை நார் காய்ந்தால் சுருங்கும். அதனால் நாரில் அளந்து வாங்கும்போது எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் வாங்குவோம். தாழ்ப்பாளுக்கு அப்படித்தான், செருப்புக்கும் அப்படித்தான். காலையிலிருந்து பஸ் சூட்டில் பைக்குள் கிடந்த நார் சுருண்டு வேறு போயிருந்தது. "நாரு காஞ்சிருச்சு, அதான் சின்னதாத் தெரியுது" என்று நானே வாய்விட்டுச் சொன்னேன். "அதேதான் மேடம்" என்றார் கடைக்காரர், நார் காய்வதைப் பற்றிக் காலம் முழுக்க ஆராய்ச்சி செய்தவர் மாதிரி. பில் போட்டார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் கார்டை அந்தப் பழுப்பு ஸ்லாட்டின்மேல் வைத்து அழுத்தினேன். இறங்கவில்லை. திருப்பி வைத்தேன். இறங்கவில்லை. ஒரு பக்கம் பொருந்தினால் மறுபக்கம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா ஒரு பச்சை நாரை வெட்டிக்கொண்டு வந்து ஸ்லாட்டில் அளந்தார். பையிலிருந்த பழைய நாரை நீவி நிமிர்த்தி அதன் பக்கத்தில் வைத்தார். பழையது ஒரு மயிரிழைதான் குறைந்திருந்தது.

"சுருங்கலயே சாமி. கார்டுதான் பெருசு."

அப்புறம்தான் பத்திரிகையின் அந்தப் பக்கத்தை முழுக்கப் படித்தேன். என் போர்டில் இருந்த பழுப்பு ஸ்லாட் மோடம் மாதிரி சின்னச் சாமான்களுக்கானது. நான் வாங்கிய மாதிரிக் கார்டுக்கு என் போர்டில் இடமே கிடையாது. சில போர்டுகளை அப்படித்தான் செய்கிறார்கள். வெள்ளை ஸ்லாட்டில் உட்காருகிற கிராபிக்ஸ் கார்டும் உண்டு, தேடிப் பிடிக்க வேண்டும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். முக்கியமானதையெல்லாம் ஏன் சின்ன எழுத்தில் போடுகிறார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அப்பாவுக்கு என்னைவிடப் பெரிய ஏமாற்றம். "கீழயே போயிரலாம்னு தோணுதா கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார். போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. "தோணல" என்றேன். பொய் சொன்னேன். ஒரு நிமிஷம் தோன்றத்தான் செய்தது. அந்த ஹாஸ்டல் கட்டிலும் டியூப் லைட்டும் கண்ணுக்கு வந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துக்கொண்டது வீம்பு. நாளைக்கு அளவு கொண்டு போகப் போவதில்லை, பெட்டியையே கொண்டு போகிறேன் என்றேன்.

கேபினெட்டைக் கம்பளியில் சுற்றி, அப்பா தலையில் வைத்துக்கொண்டு வந்து பஸ்ஸில் ஏற்றினார். பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவில் இடம் பிடித்து, அதை மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்தார்.

"இன்னிக்கு டிபன் டப்பா பெருசா இருக்குதே. இதுக்கு டிக்கெட்டு போடோணுமா?"

"பலாப்பழத்துக்குப் போடற மாதிரி போடுங்க."

அவர் போடவில்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் டிரைவரிடம் "மெதுவா, மெதுவா, பொட்டி இருக்குது" என்று சத்தம் போட்டுக்கொண்டே வந்தார். எங்கள் மலைப்பாதையில் எத்தனை வளைவு என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அத்தனையிலும் அதை ஒரு பச்சைக் குழந்தை மாதிரி கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தேன். கை மரத்துப் போனது.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடி மேசைமேல் கேபினெட்டை இறக்கி வைத்தேன். பக்கத்தில் கார்டை வைத்தேன்.

"பிரிச்ச கார்டைத் திருப்பி எடுக்க மாட்டோம் மேடம்."

"திருப்பிக் குடுக்க வரலீங்க. இது இதுல உக்காரும்னு சொன்னீங்க. உக்கார வெச்சுக் காட்டுங்க."

அவர் தகட்டைக் கழற்றி எட்டிப் பார்த்தார். பிறகு, "இது வேற போர்டு. நீங்க சொல்லவே இல்லையே" என்றார்.

"சொல்லலீங்க. அளவே கொண்டாந்தேன். நீங்க சிரிச்சீங்க."

போர்டையே மாற்றிவிடலாம் என்றார். போர்டை மாற்றினால் பிராசஸரை மாற்ற வேண்டும், மெமரியை மாற்ற வேண்டும், கடைசியில் தகரப் பெட்டி ஒன்றுதான் பழையதாக மிஞ்சும். முடியாது என்றேன். வெள்ளை ஸ்லாட்டுக்கான கார்டு கொடுங்கள் என்றேன். அதெல்லாம் இப்போது வருவதில்லை என்றார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, எனக்காகப் பரிதாபப்படுகிற மாதிரி சொன்னார்.

"ஏம்மா, மலையில கரண்டே ஒழுங்கா வராது. அங்க உட்கார்ந்துகிட்டு உங்களுக்கு எதுக்கு இந்தக் கார்டெல்லாம்? டைப் அடிக்கறதுக்கு இருக்கறதே போதுமே."

நான் அங்கே கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு, கல்லாவுக்கு நேர் எதிரில் உட்கார்ந்தேன்.

"எதுக்குன்னு சொல்றேன். எனக்கு இது வேணும், அதுக்குத்தான். கடை சாத்தற வரைக்கும் இங்கதான் இருப்பேன். நாளைக்கும் வருவேன். எங்க ஊருக்கு பஸ் இருக்குதுங்க."

கடைக்கு வந்தவர்கள் எல்லாரும் நடு மேசையில் திறந்து கிடந்த பெட்டியைப் பார்த்தார்கள். என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். கேட்ட ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னேன், நார் உட்பட. எனக்குக் குரல் இயல்பாகவே பெரியது. மலையில் ஒரு காட்டிலிருந்து மறு காட்டுக்குக் கூப்பிட்டுப் பழகியது. பிரிண்டர் ரிப்பன் வாங்க வந்த ஒருவர் வாங்காமலே போனார். சாப்பாட்டு நேரத்தில் கடைக்காரர் வெளியே போய்விட்டு வந்தார், நான் அதே இடத்தில் இருந்தேன். பசித்தது. எழுந்துவிட்டால் தோற்றுவிடுவேன் என்று தோன்றியதால் எழவில்லை. சிறுபிள்ளைத்தனம்தான். சில காரியங்கள் சிறுபிள்ளைத்தனத்தால்தான் நடக்கின்றன.

பிற்பகலில் அவர் மேல் பரணுக்கு ஏணி போட்டு ஏறி, தூசி படிந்த இரண்டு கார்டுகளைக் கொண்டுவந்தார். இரண்டுமே வெள்ளை ஸ்லாட்டுக்கானவை. ஒன்று பெட்டியோடு, பிரிக்காமல், டிவியில்கூட மாட்டலாம் என்ற விளம்பரத்தோடு இருந்தது. இன்னொன்று யாரோ கழற்றிப் போட்டது. பெட்டி இல்லை, ஒரு செய்தித்தாளில் சுற்றியிருந்தது.

"புதுசை எடுத்துக்கங்க. நீங்க வாங்கிட்டுப் போன கார்டைத் திருப்பி எடுத்துக்கறேன். கணக்கு சரியாப் போயிரும்."

"ரெண்டையும் மாட்டிக் காட்டுங்க. எங்க வீடு எதுல திரும்புதுன்னு பாத்துட்டு எடுத்துக்கறேன்."

"எந்த வீடு?"

"பொட்டிக்குள்ள இருக்குதுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். இந்தத் தடவை அடக்கிக்கொண்டார். முதலில் புதியதைச் செருகி, டிரைவர் சிடியைப் போட்டு, கடை மானிட்டரில் இணைத்தார். நான் ஸ்டூலோடு நகர்ந்து போய், பாதியில் நின்ற அந்தச் சேந்தமங்கலத்து வீட்டைத் திறந்தேன். மவுஸை நகர்த்தினேன். வீடு திரும்பியது. ஆனால் மண் ரோட்டில் மாட்டு வண்டி போகிற மாதிரி குலுங்கிக் குலுங்கித் திரும்பியது, ஓரங்கள் கிழிந்து கிழிந்து ஒட்டின.

அடுத்து செய்தித்தாளில் சுற்றியதை மாட்டினார். மவுஸை நகர்த்தினேன். முன்வாசல், பக்கச் சுவர், பின்பக்கத்துக் கிணற்றடி, மறுபடி முன்வாசல். நகர்த்த நகர்த்த வந்துகொண்டே இருந்தது. நான் வரைந்த வீட்டின் பின்பக்கத்தை அன்றுதான் நானே முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் பார்த்துவிடுவார் என்று மானிட்டருக்கு இன்னும் கிட்டே குனிந்துகொண்டேன்.

"இது."

"அது பழசு மேடம். பாக்ஸ்கூட இல்ல. பார்வைக்கு நல்லா இருக்காது."

"பொட்டிக்குள்ள போனா யாருங்க பாக்கப் போறாங்க?"

என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைக்காரர், "இந்த வீட்டை நீங்களாம்மா போட்டீங்க?" என்று கேட்டார். முந்தின நாள் சேர்ந்து சிரித்த ஆள். எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

வீட்டில் கொண்டுவந்து மாட்டியபோது திரை கறுப்பாகவே இருந்தது. அப்பா சாமி படத்தைப் பார்த்தார். நான் திருப்புளியை எடுத்தேன். வளைவுகளின் குலுக்கலில் கார்டு லேசாக எழும்பியிருந்தது. அழுத்தி உட்கார வைத்து, ஓர ஸ்க்ரூவை இறுக்கினேன். வெளிச்சம் வந்தது. அதற்குப் பிறகு கரண்டோடுதான் சண்டை. ஸ்டெபிலைசர் டிக் டிக் என்று அடிக்கும்போதெல்லாம் சேவ் செய்வேன், மின்னல் வெட்டினால் பிளக்கைப் பிடுங்குவேன். இருந்தும் பூமி பூஜைக்கு முன்னால் வீடு முடிந்தது. முன்பக்கத்தை மட்டும் ஒரு படமாக்கிப் பிளாப்பியில் போட்டு அனுப்பினேன். மொத்த வீடும் பிளாப்பியில் அடங்காது.

இரண்டு நாளில் இன்ஜினியர் பூத்துக்குப் போன் செய்து என்னைக் கூப்பிடச் சொன்னார்.

"படம் நல்லா வந்திருக்குது. அந்த வீட்டம்மா பின்பக்கம் பாக்கோணும், அடுப்படி பாக்கோணும்ங்கறாங்க. பொட்டியத் தூக்கிட்டுக் கீழ வந்துரு."

"தூக்க மாட்டனுங்க சார். ஒரு தடவை தூக்குனது போதும்."

"அப்ப எப்படிக் காட்டறது?"

"பாக்கோணும்னா மேல வரட்டுங்க."

பூத்துக்காரர் என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார். வேலை போய்விட்டது என்றுதான் நானும் நினைத்தேன். போனை வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன். ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கிற எண்ணம் எனக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு முன்னால் ஒரு கார் வந்து நின்றது. இன்ஜினியர் ஓட்டி வந்திருந்தார். பின்னாலிருந்து வீடு கட்டப்போகும் விவசாயியும் அவர் மனைவியும் இறங்கினார்கள். அந்த அம்மா கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது, முகம் வெளுத்திருந்தது. வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம். என் அம்மா சுக்குக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு, கணவருக்கு முன்னால் அவரே வந்து என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அடுப்படி எங்க கண்ணு?"

வீட்டைத் திருப்பினேன். கூரையைக் கழற்றிவிட்டு உள்ளே காட்டினேன். அந்த அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"இந்த ஜன்னல்ல இருந்து பாத்தா மாட்டுக் கொட்டாய் தெரியுமா?"

"தெரியாதுங்க. சுவரு மறைக்குது."

"அப்ப ஜன்னல அக்கட்டால தள்ளு."

தள்ளினேன். அவர் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "நீங்க செத்த சும்மா இருங்க. அடுப்படில நிக்கப் போறது நானு" என்றார் அந்த அம்மா. மதியம் வரைக்கும் அந்த வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தோம், அவரும் நானும். அரிசி மூட்டை எங்கே, அம்மிக்கல் எங்கே, மழையில் துணி எங்கே காயும் என்று எல்லாம் கேட்டார். வீட்டில் பெரும்பாலும் இருக்கப் போகிறவரிடம் அதுவரை யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை. எழுந்திருக்கும்போது, மாடிப்படி மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை, யோசித்துவிட்டு அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

இன்ஜினியர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

"சரிம்மா, சாதிச்சுட்ட. இப்ப அந்தக் கார்டைக் கழட்டிக்க. ஆபீஸ் மெஷின்ல போட்டுக்கலாம். கார்லதான் எடம் இருக்குதே, நீயும் துணிமணி எடுத்துக்க. இந்த மாதிரி எத்தனை வீடு வரும் பாரு."

உதவி செய்கிற நினைப்பில்தான் சொன்னார். அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது. இத்தனைக்குப் பிறகும், இந்த வேலை இங்கே நடந்தது ஒரு தற்செயல் என்றே அவர் நினைத்தார்.

"கழட்ட மாட்டனுங்க சார்" என்றேன். "வேலை உங்களோடது. யாருக்கு வேணாலும் குடுங்க. நான் வர மாட்டேன்."

அவர் முகம் மாறியது. அப்பாவைப் பார்த்தார். அப்பா, "அவகிட்டக் கேளுங்க, அவ சாமான் அது" என்றார். அதற்குள் அந்த அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே காருக்குப் பக்கத்திலிருந்து திரும்பினார்.

"ஏனுங்க இன்ஜினியரு, அந்தப் புள்ளைய எதுக்குக் கீழ கூப்புடறீங்க? அடுத்த வாரம் மாடிப்படி பாக்க நானு மேல வாரேன்னு சொல்லிட்டனே."

இன்ஜினியர் கார் கதவைத் திறந்துவிட்டார். அந்த அம்மா ஏறி உட்கார்ந்து, அடுத்த வளைவுகளுக்குத் தயாராகப் புடவைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டார். நான் உள்ளே போய் மாடிப்படியைத் திறந்தேன்.